இடது காலுக்கு வேலை இல்லாத கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. நான் பக்கத்து இருக்கை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கோயம்புத்தூரில் இருபத்திரண்டு வயதில் எடுத்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் எனக்குக் கை விறைத்துப்போகும். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். புனேக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே இந்த ஊர் டிராஃபிக்கைப் பார்த்துவிட்டு, இனி ஸ்டியரிங் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அவள் புனேயிலேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்கே ராணுவப் பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். பதினெட்டு வயது முடிந்த வாரமே லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பிம்ப்ரி பக்கம் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி எஞ்சினியராக வேலை. அவள் பேசும் தமிழில் பாதி ஹிந்தி, கொஞ்சம் மராத்தி. கோபம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ அவர்கள் குடும்பத்துத் திருநெல்வேலித் தமிழ் வந்துவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளாகத் தேடி வாங்கியது அந்த நீலநிற ஸ்போர்ட்ஸ் செடான். டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர். சாங்வியில் நாங்கள் இருக்கும் சந்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் அடிவயிறு உரசும். எனக்கு உட்காரவும் எழுந்திருக்கவும் சிரமம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. லோனாவளா பக்கம் மலையேறும்போது மூன்றாவது கியரில் போட்டு மிதிப்பாள். அப்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவாள். நான் ஏதாவது சொன்னாலும் காதில் விழாது. முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை.

போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில், கிளட்ச் கெட்டியாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"என்னன்னு தெரியலப்பா. மிதிச்சா முழுசா இறங்க மாட்டேங்குது. ஏக்தம் கல்லு மாதிரி இருக்கு."

"பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்" என்றேன். கிளட்ச் பற்றி எனக்கு வேறென்ன தெரியும்?

தாபோடியில் ரயில் பாதையை ஒட்டி ஒரு கேரேஜ் இருக்கிறது. அதன் மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எங்கள் வயது. அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். மராத்தியில் அக்கா என்று பொருள். அவர் கிளட்ச் பிளேட்டை மாற்றினார். பத்து நாள் சரியாக இருந்தது, அல்லது சரியாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். மறுபடி அதே புகார். கிளட்சுக்கு எண்ணெய் தள்ளும் சிலிண்டர் ஒன்று உண்டாம். அந்த மாடலை நிறுத்திவிட்டதால் எங்கும் கிடைக்கவில்லை. அவர் டெல்லியில் யாரையோ பிடித்து வரவழைத்து மாற்றினார். மூன்று வாரம் கழித்து மறுபடி. மூன்றாவது முறை அவர் வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு போன் வந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். "சாப், வண்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்சம் கீழே வாருங்கள். ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்றார் ஹிந்தியில். போனேன். என்னை ஏற்றிக்கொண்டு ஆற்றோரச் சாலையில் மெதுவாக ஓட்டினார். ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"காடி மே குச் நஹி ஹை, சாப்."

வண்டியில் ஒன்றுமில்லை. நான் புரியாமல் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தின் நுனியால் கிளட்சை அழுத்திக் காட்டினார். அது வெண்ணெய்போல் உள்ளே போனது. இரண்டு முறை, மூன்று முறை அழுத்திக் காட்டினார். பிறகு, "தாயியோட காலைக் காட்டுங்க சாப். யாராவது நல்ல டாக்டர்கிட்ட" என்றார்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். அதுவரை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவையெல்லாம் ஒன்றொன்றாக வந்து நின்றன. அவள் செருப்பை விட்டுவிட்டு வார் வைத்த ஷூவுக்கு மாறி ஐந்து மாதம் இருக்கும். மாடிப்படியில் அவளுடைய இடது பாதம் மட்டும் சப்பென்று விழும் சத்தம். சமையலறைத் தரைவிரிப்பில் அடிக்கடி தடுக்கியது. அந்த விரிப்பை நானே எடுத்துப் பரணில் போட்டிருந்தேன். விரிப்பின் மேல்தான் பழி.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வண்டி வந்துடுச்சா? என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"பழசாயிடுச்சாம். இனிமே பார்ட்ஸ் கிடைக்கறது கஷ்டமாம். மாத்திடறது நல்லதுன்னார்" என்றேன்.

இப்படி ஒரு பொய் என் வாயிலிருந்து இத்தனை சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவள் நம்பவில்லை. "அவர் அப்படிச் சொல்ல மாட்டாரே. இந்த வண்டிய மாத்துன்னு அவர் வாயிலேர்ந்து வராதே" என்றாள். ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

அன்று முதல் நான் புதுக் காருக்குப் பிரசாரம் செய்ய ஆரம்பித்தேன். கார் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், சாப்பிடும்போது கியர்பாக்ஸ் பற்றிப் பேசினேன். அதே செடானின் புதிய மாடல் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே வருகிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஏர்பேக் எத்தனை, டிக்கி எவ்வளவு பெரியது என்றெல்லாம் சொன்னேன். பெங்களூரில் படிக்கும் எங்கள் மகளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. வீடியோ காலில் வந்து, அவளுடைய உடைந்த தமிழில் அம்மாவைக் கிண்டல் செய்தாள்.

"அம்மா, அந்தக் கார் டெட் ஆச்சு. அது மியூசியத்துக்கு போடு. புதுசு எடு நா, ப்ளீஸ்."

"உனக்கு கிளட்ச்னா என்னன்னே தெரியாது. சும்மா இரு" என்றாள் இவள், சிரித்துக்கொண்டே. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஷோரூமுக்கு வரச் சம்மதித்தாள். "பார்க்க மட்டும்தான். வாங்கறதுக்கு இல்ல" என்று நிபந்தனை. பாணேர் சாலையில் இருந்தது ஷோரூம். எங்களைக் கவனித்துக்கொண்ட பெண் மிகவும் இதமாகப் பேசினாள். டெஸ்ட் டிரைவுக்கு ஒரு வெள்ளை நிறக் கார். மனைவி ஓட்ட, அந்தப் பெண் முன்னால், நான் பின்னால்.

"இந்த மாடலில் உங்க இடது காலுக்கு வேலையே இல்லை மேடம். நன்றாக நீட்டி வைத்துக்கொள்ளலாம்" என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில்.

பின்னால் இருந்தபடி என் மனைவியின் கழுத்தை மட்டும் பார்த்தேன். நெடுஞ்சாலைக்குப் போய் வேகமாக ஒருமுறை ஓட்டினாள். பிரேக் எல்லாம் சோதித்தாள். வண்டி சத்தமே இல்லாமல் பறந்தது. திரும்பி வந்து இறங்கி, "நல்ல வண்டி" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு ஒரு வண்டி பிடித்தால் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள்.

எங்கள் பழைய காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். அவள் சாவியைத் திருகாமல் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குக் காருன்னாலே ஆகாது. ஏன் இவ்ளோ ஜல்தி பண்ற? சச் போல். உண்மையைச் சொல்லு."

ஷோரூமின் பார்க்கிங்கில், பக்கத்தில் யாரோ புதுக் காருக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் சொன்னேன். மெக்கானிக் என்னை அழைத்துப்போனது, பாதநுனியால் அழுத்திக் காட்டியது, எல்லாம்.

அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்பம் என் காலப் பத்தி நீங்க ரெண்டு ஆம்பளையளும் ஆத்தங்கரையில நின்னு பேசியிருக்கிய. என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல, என்ன?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ரெண்டு மாசமா மைலேஜும் ஏர்பேக்கும் பேசத் தெரிஞ்சுதுல்லா?"

அவள் வண்டியை எடுத்தாள். சாங்வி வரும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் அவளுடைய இடது தொடை இறுகுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதம் செய்ய வேண்டிய வேலையை இடுப்பிலிருந்து செய்துகொண்டிருந்தாள். எத்தனை நாளாக அப்படி ஓட்டினாளோ தெரியாது. நான் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், பன்னிரண்டு வருடமும்.

அடுத்த வாரம் ஔந்தில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, கால் நரம்புகளைச் சோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் மூன்று முறை கொடுத்தாள். எல்லாம் முடிந்து டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். இடது காலில் நரம்பு கீழிருந்து பலமிழந்துகொண்டு வருகிறது. காரணம் எந்தச் சோதனையிலும் தெரியவில்லை. இத்துடன் நிற்கலாம். மேலே ஏறலாம். இன்னொரு காலுக்கும் வரலாம்.

"எது நடக்கும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"காத்திருந்து பார்க்க வேண்டியதுதான். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம்" என்றார்.

"கார் ஓட்டலாமா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வலது காலைத் திரும்பப் பரிசோதித்தார். "வலது கால் முழுப் பலத்தோடு இருக்கிறது. கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டலாம். ஆனால் வலது காலில் குறைய ஆரம்பித்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்" என்றார். பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை எழுதிக்கொடுத்தார். ஷூவுக்குள் வைத்து முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்வது.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கார் பற்றிப் பேச்சு வேறு மாதிரி ஆனது. முன்பு நான் வாங்கச் சொல்வேன், அவள் வேண்டாமென்பாள். இப்போது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"இடது கால் மட்டும்னா ஆட்டோமேட்டிக் போதும்" என்பாள் ஒருநாள். மறுநாள், "ஆறு மாசத்துல வலது காலும் போச்சுன்னா அதையும் விக்கணும். எதுக்குப்பா வாங்கணும்?" என்பாள். வாங்கலாம் என்று நான் சொன்னால், வலது காலுக்கு ஒன்றும் வராது என்று வாக்குக் கொடுப்பதுபோல் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால், வரும் என்று நானே சொல்வதுபோல் இருந்தது. அதனால் "உன் இஷ்டம்" என்பேன். அதற்கும் கோபப்படுவாள். "என் இஷ்டம்னா எனக்கு இந்தப் பட்டையே வேண்டாம். அது முடியுமா?" என்று கேட்டாள் ஒருமுறை. முடியாது என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவில்லை.

மகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதிலும் இதே கதைதான். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீ கத்துக்கோ" என்றாள்.

"நானா?"

"லைசென்ஸ் இருக்குல்ல? நான் பக்கத்துல உட்கார்றேன். வண்டி இதுவே இருக்கட்டும். யாருக்கும் எதுவும் மாத்த வேண்டாம்."

அவள் முகத்தில் பல வாரங்களாக இல்லாத உற்சாகம். மறுக்க என்னால் முடியவில்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்று.

ஆற்றோரச் சாலையில் காலை ஏழு மணிக்குப் போவோம். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கி நடப்பார்கள். முதல் நாள் வண்டி பதினெட்டுத் தடவை நின்றுபோனது. அவள்தான் எண்ணினாள். கிளட்சை நான் ஒரேயடியாக விட்டுவிடுவேன், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் தன் வலது உள்ளங்கையை என் இடது முழங்கால்மேல் வைத்தாள்.

"என் கையைக் கவனி. கை எவ்ளோ மெதுவா எழும்புதோ அவ்ளோ மெதுவா காலை எடு. பஸ், போதும். இங்க நிறுத்து. கேக்குதா, எஞ்சின் சத்தம் மாறுது பார். இங்கதான் அது பிடிக்கும். இப்ப விடு. ஹளூ, ஹளூ. மெதுவா."

அவள் கை எழுந்தது, என் கால் எழுந்தது, வண்டி அசங்காமல் நகர்ந்தது. ஒரு நூறடி தூரம் நாங்கள் இருவருமாக ஓட்டிக்கொண்டு போனோம். அவளுடைய பாதத்தில் இருந்ததெல்லாம் அந்தக் கையில் வந்துவிட்டது என்று தோன்றியது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முன்னாடி பாரு, நாய் வருது" என்றாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினேன். சாலை காலியாக இருந்தால், நேராக இருந்தால், மேடில்லாமல் இருந்தால் என்னால் முடிந்தது. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, "தாபோடி போகலாம். அவருக்குக் காட்டணும் நீ ஓட்டறத" என்றாள். மெக்கானிக்கிடம் அவளுக்குக் கோபம் இல்லை. எல்லாக் கோபமும் என்மேல்தான் என்று அவளே சொல்லியிருந்தாள்.

தாபோடிக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் சின்ன ஏற்றம் ஒன்று உண்டு. பஸ்ஸிலும் அவளோடு காரிலும் ஆயிரம் முறை போயிருக்கிறேன். அது ஏற்றம் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. முன்னால் வண்டிகள் நின்றன. நானும் நிறுத்தினேன். அவை நகர்ந்ததும் கிளட்சை விட்டேன். வண்டி அணைந்து பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஒரு பஸ். ஹாரன். மறுபடி கிளப்பினேன், மறுபடி அணைந்தது. அவள் என் முழங்காலில் கை வைத்தாள். அந்தக் கையை என்னால் உணரவே முடியவில்லை. மூன்றாவது முறையும் அணைந்தபோது என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. மூச்சு மேலே போனது கீழே இறங்கவில்லை.

"இறங்கு. நான் எடுக்கறேன்" என்றாள்.

"உன்னால எப்படி..."

"இறங்குன்னு சொன்னேன்ல."

ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினேன். அவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். இரண்டு பக்கமும் பைக்குகள் உரசிப் போயின. உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடது முழங்காலைத் தூக்கி, பாதத்தை கிளட்ச்மேல் வைத்தாள். அழுத்தினாள். பிளாஸ்டிக் பட்டை வழுக்கியது. பாதம் பக்கவாட்டில் சரிந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி தூக்கி வைத்தாள், மறுபடி சரிந்தது. அதற்கப்புறம் அவள் முயற்சி செய்யவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். நான் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நின்றேன். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினார்.

முன்னால் ஓரமாக நின்றிருந்த ஒரு ஆட்டோவிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். நரைத்த தாடி. இவரும் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குனிந்து உள்ளே பார்த்தார். பட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மாவ்ஷி, மாகே பஸா" என்றார். அம்மா, பின்னால் உட்காருங்கள். என்னையும் கையைக் காட்டி ஏறச் சொன்னார்.

இரண்டு பேரும் எங்கள் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தோம். மகள் சின்ன வயதில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் முன் சீட்டின் முதுகில் இருப்பதை அன்றுதான் நான் பார்த்தேன். அவர் செருப்புக் காலோடு கிளட்சை மிதித்து, அலட்டிக்கொள்ளாமல் பாலத்தைத் தாண்டினார். ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, சாவியை என்னிடம் கொடுத்தார். நான் பர்ஸை எடுக்கப் போனபோது கையை ஆட்டிவிட்டு, "மஸ்த் காடி ஆஹே" என்று காரின் கூரையைத் தட்டினார். அருமையான வண்டி என்றார். பிறகு தன் ஆட்டோவுக்காகப் பாலத்தில் திரும்பி ஓடினார்.

அதுவரை கல்லாக இருந்தவள், அதைக் கேட்டுத்தான் அழுதாள். ஷாலின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதைச் செய்யாமல் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். மெக்கானிக் நடந்தே வந்து எங்களை வீட்டில் கொண்டுவிட்டார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், "வித்துடலாம்" என்றாள். "புதுசுக்குச் சொல்லிடு."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா முடியாதுப்பா. அதான் சொல்றேன்."

இரண்டாவது முறை ஷோரூமுக்குப் போனோம். அதே பெண். படிவம் நிரப்பும்போது வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "எத்தனை வருஷம் இந்தக் காரை வைத்திருப்பதாகத் திட்டம்? அதைப் பொறுத்து வாரண்டி சொல்கிறேன்."

நான் படிவத்தைப் பார்த்தேன். என் மனைவி சொன்னாள்: "சிக்ஸ் மன்த்ஸ்."

அந்தப் பெண் நல்ல ஜோக் என்று சிரித்தாள். நாங்களும் சிரித்து வைத்தோம். அவளே ஐந்து வருடம் என்று எழுதிக்கொண்டாள்.

பழைய காரைப் பார்க்க விஷ்ராந்த்வாடியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஏதோ அலுவலகத்தில் வேலை. கியர் மாற்றி ஓட்டும் இப்படியொரு வண்டியை ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். பார்ட்ஸ் கிடைப்பதில்லை என்று நான் முந்திக்கொண்டேன். பழக்கம்.

"அதெல்லாம் இல்ல. வண்டியில ஒரு குறையும் இல்ல. என் கால்தான் சரியில்ல" என்று அவள் ஹிந்தியில் சொல்லிவிட்டாள். வந்தவரின் மனைவி பக்கத்தில் வந்து இவள் முழங்கையைத் தொட்டாள். அப்புறம் இவள் அவருக்கு ஒரு மணிநேரம் பாடம் எடுத்தாள். குளிர்காலக் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். பெரிய பள்ளம் வந்தால் குறுக்காக இறக்குங்கள். அவர் போனில் குறித்துக்கொண்டார். வண்டியை எடுத்துப்போன அன்று அவள் எங்கள் குடியிருப்பின் கேட்வரை அதிலேயே போனாள், நான் எப்போதும் உட்காரும் இடத்தில். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, வண்டி திருப்பத்தில் மறைவதற்குள் லிஃப்டுக்கு வந்துவிட்டாள்.

புது கார் வந்து நான்கு மாதம் ஆகிறது. சாம்பல் நிறம். அவள் ஓட்டுகிறாள், நன்றாகவே ஓட்டுகிறாள். எனக்கு ஏறி இறங்கச் சுலபமாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம். பரீட்சை முடிந்து வந்த மகள், பட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சண்டை போட்டாள். "அப்பா, நான் அந்தக் காரை மியூசியம்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க" என்றாள். ஆமாம், சிரித்தேன்.

போன மாதம் ஆறு மாதச் சோதனைக்குப் போனோம். மறுபடி ஊசி, மறுபடி மின்சாரம். இடது காலில் பெரிய மாற்றமில்லை. வலது காலில் ஒரு நரம்பின் அளவு போன முறையைவிடக் கொஞ்சம் குறைவு. கருவியின் பிழையாகவும் இருக்கலாம், அறையின் ஏசி குளிராகவும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பலம் குறையவில்லை. ஓட்டலாம். ஆனால் இனிமேல் ஆறு மாதம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார்.

வெளியே வந்து படியிறங்கினோம். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் அவள் கைப்பையை நான் வைத்திருந்தபோது என்னிடம் வந்தது. காருக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். ஒரு நொடி, ஒரு நொடிதான், நான் தயங்கினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"குறையலன்னுதானே சொன்னாங்க?" என்றாள்.

"ஆமா."

சாவியைக் கொடுத்தேன். சுற்றிப்போய் என் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மத்தியான வெயிலில் ஔந்து சாலை முழுக்க வண்டிகள். அவள் கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் பார்த்து, மெதுவாக வண்டியை எடுத்தாள். அவளுடைய வலது காலைப் பார்க்கக் கூடாது என்று நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.